கமரா திரும்பும் பக்கம்: சர்வதேச விளையாட்டும் அமைதிவழிப் போராட்டமும்

மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025 செப்டெம்பரில் அடிக்கல் நாட்டியதிலிருந்து யாழ்ப்பாணத்தில் ஒரு வாக்குவாதம் ஓயவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் போன கிழமையும் கேட்டேன்.

"வெளிநாட்டு அணி வந்து விளையாடேக்க, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளின்ர தாய்மார் வாசலில நிண்டால் என்ன பிழை?" என்று ஓய்வுபெற்ற மாஸ்டர் ஒருவர் தொடங்கினார்.

"மாஸ்டர், விளையாட்டுக்குள்ள அரசியலைக் கொண்டுவராதேங்கோ. பிறகு ஒரு மட்ச்சும் இஞ்சால வராது," என்றான் எதிரே இருந்த பெடியன்.

"நிண்டு என்ன பிரயோசனம்? மட்ச்சையே பகிஷ்கரிக்க வேணும்." இது மூன்றாமவர்.

"எழுபத்தைஞ்சில லண்டனில செய்த மாதிரி பிட்சுக்குள்ள இறங்கினால்தான் உலகம் பாக்கும்." இது கல்லாப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து வந்த குரல்.

நாலு பேரும் 'போராட்டம்' என்ற ஒரே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஆனால் நாலு பேர் மனதிலும் இருந்தது நாலு வேறு காரியம். அதனால் ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லவே இல்லை. இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்காமல் ஆதரிப்பதும் கூடாது, எதிர்ப்பதும் கூடாது என்பது என் எண்ணம். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கலியாண வீட்டு மாமா

கலியாண வீட்டில் கோபித்துக்கொண்டு பந்திக்கு வராமல் நிற்கும் ஒரு மாமாவை எல்லாருக்கும் தெரியும். காணி எல்லையோ, சீதனப் பேச்சோ, ஏதோ ஒரு குறை. அவர் பந்தலைப் பிரிப்பதில்லை, சமையல் கிடாரத்தைக் கவிழ்ப்பதில்லை. வேட்டி சால்வையோடு வந்து, படலையடியில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். அவ்வளவுதான். அரைமணி நேரத்துக்குள் பொம்பிளையின் தகப்பன் வெளியே வந்து "அண்ணை, வாங்கோ, பிறகு கதைப்பம்" என்று கையைப் பிடிக்கிறார்.

இதே மாமா சாதாரண ஒரு செவ்வாய்க்கிழமை அந்தப் படலையடியில் நின்றிருந்தால்? நாய் குரைத்திருக்கும். வேறொன்றும் நடந்திராது. அவருடைய குறை அன்றும் அதேதான். கூடியிருக்கிற சனம்தான் வித்தியாசம். சம்பந்தி வீட்டார் பார்க்கிறார்கள், ஊர் பார்க்கிறது, வீடியோக்காரன் நிற்கிறான். வீட்டுக்காரருக்கு இன்றைக்குத் தன் வீடு நல்ல வீடாகத் தெரிய வேண்டும். அந்த ஆசைக்கும் மாமாவின் குறைக்கும் இடையில் ஒரு முடிச்சு விழுகிறது.

சர்வதேச விளையாட்டைச் சுற்றி நடக்கும் அமைதிப் போராட்டத்தின் அடிப்படை இந்த முடிச்சுத்தான். நாடு ஒன்று விருந்தாளிகளை அழைத்திருக்கிறது. அன்றைக்கு அது தன் நல்ல முகத்தைக் காட்ட விரும்புகிறது. குறையுள்ளவர்கள் அந்த நாளைத் தெரிந்தெடுக்கிறார்கள்.

ஒரே பெயரில் மூன்று காரியங்கள்

மாமா படலையடியில் நிற்பது ஒன்று. கலியாணத்துக்கே வராமல் விடுவது இன்னொன்று. அந்த வீட்டோடு இனிக் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று ஊரே கூடி முடிவெடுப்பது மூன்றாவது. விளையாட்டிலும் இந்த மூன்றும் தனித்தனி.

முதலாவது கவனயீர்ப்பு. ஆட்டம் நடக்கட்டும், அதைப் பார்க்க வந்த கண்கள் எங்கள் பக்கமும் ஒருமுறை திரும்பட்டும் என்பது. பதாகை, கறுப்புப் பட்டி, மௌனமாக நிற்றல் எல்லாம் இதற்குள் வரும்.

இரண்டாவது பகிஷ்கரிப்பு. விளையாடமாட்டோம், பார்க்கமாட்டோம், ரிக்கற் வாங்கமாட்டோம் என்று நாமே விலகி நிற்பது. யாழ்ப்பாணத்துக்கு இந்தச் சொல் புதிதல்ல. 1931இல் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பில் அரசாங்க சபைத் தேர்தலை வடக்கு பகிஷ்கரித்தது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நாலு தொகுதிகளிலும் வேட்புமனுவே விழவில்லை. பகிஷ்கரிப்பின் பலமும் சிக்கலும் அதில் ஒன்றாகத் தெரிகின்றன. வெற்றுக் கதிரை உரத்துப் பேசும். ஆனால் அந்தக் கதிரையில் இருந்து பேசவேண்டியவர் அங்கே இல்லாமல் போகிறார்.

மூன்றாவது தடை. விளையாட்டை நடத்தும் அமைப்பே ஒரு நாட்டை வெளியே நிறுத்துவது. இது வீதியில் நிற்பவர்கள் செய்யக்கூடியதல்ல. அவர்கள் அதைக் கேட்கலாம், முடிவு அமைப்பின் கையில்.

மூன்றும் ஒன்றுக்குள் ஒன்று ஊறுவதைத் தென்னாபிரிக்காவில் பார்க்கலாம். அங்கே நிறவெறி ஆட்சி, அதாவது தோலின் நிறத்தைப் பார்த்து வாக்குரிமை முதல் வாங்கில் இருக்கும் உரிமை வரை சட்டத்தால் பிரித்த ஆட்சி, நடந்த காலம். 1968இல் கேப்டவுனில் பிறந்த வெள்ளையரல்லாத பஸில் டொலிவெய்ராவை இங்கிலாந்து தன் அணியில் சேர்த்தது. தென்னாபிரிக்கா அந்த அணியை ஏற்க மறுத்தது, சுற்றுப்பயணம் கைவிடப்பட்டது. அடுத்து 1969–70இல் தென்னாபிரிக்க றக்பி அணி பிரித்தானியாவுக்கு வந்தபோது, மைதானத்துக்கு மைதானம் மாணவர்களும் தொழிற்சங்கக்காரரும் தேவாலயக்காரரும் வந்து நின்றார்கள். அந்தக் கோடையில் வரவிருந்த கிரிக்கெட் அணிக்காக லோர்ட்ஸ் மைதானத்தைச் சுற்றி முட்கம்பி போடவேண்டி வந்தது. கிரிக்கெட் பார்க்க முட்கம்பியா என்று எதிர்ப்பில் சேராத சனமும் கேட்கத் தொடங்கியது. 1970 மே மாதம், அரசாங்கம் கேட்டுக்கொண்டதன்பேரில் அந்தப் பயணம் நிறுத்தப்பட்டது. அதன்பின் 1991 வரை தென்னாபிரிக்காவுக்குச் சர்வதேச கிரிக்கெட் இல்லை. வீதியில் கவனயீர்ப்பாகத் தொடங்கியது பகிஷ்கரிப்பாகி, கடைசியில் தடையாக முடிந்தது.

அந்தத் தடையின் வால் இலங்கையிலும் பட்டது. 1982இல் பந்துல வர்ணபுர தலைமையில் 14 இலங்கை வீரர்கள் தடையை மீறித் தென்னாபிரிக்கா போய் விளையாடினார்கள். அதே வருட ஆரம்பத்தில் இலங்கையின் முதலாவது டெஸ்ட் ஆட்டத்தில் தலைவராக இருந்தவர் வர்ணபுர. திரும்பி வந்தவர்களுக்கு 25 வருடத் தடை. விளையாட்டுத் தடை என்றால் யாருக்கு வலிக்கும் என்று கேட்பவர்களுக்கு இது ஞாபகம் இருக்க வேண்டும்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: கவனயீர்ப்பு கண்ணைக் கேட்கிறது, பகிஷ்கரிப்பு தன்னை விலக்கிக்கொள்கிறது, தடை மற்றவரை விலக்குகிறது. தேத்தண்ணிக் கடையில் மாஸ்டர் கேட்டது முதலாவதை. பெடியன் பயந்தது மூன்றாவதை.

கடன் வாங்கிய கண்கள்

ஏன் விளையாட்டைத் தெரிந்தெடுக்க வேண்டும்? கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, முன்னால் நிற்கலாமே?

நிற்கிறார்கள். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20இல் கந்தசுவாமி கோயிலடியில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் நாட்களில் பத்திரிகையாளர்கள் திரண்டார்கள். நூறாவது நாள் வந்தார்கள். ஆயிரமாவது நாள் வந்தார்கள். இடையில் இருந்த நாட்களில் வீதியால் போன பஸ்தான் பார்த்தது.

என் சின்னம்மா அங்கே போனவர். மகனின் பாடசாலை அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்து, மழைக்கு நனையாமல் பிளாஸ்ரிக் ஒட்டித் தரச் சொல்லி என்னிடம் தந்தார். முத்திரை அளவுப் படம் பெரிதாகும்போது முகம் புள்ளி புள்ளியாகக் கலைந்துவிட்டது. கடைக்காரப் பெடியன் கொஞ்சம் சின்னதாக்கினால் தெளியும் என்றான். சின்னம்மா மறுத்துவிட்டார். "தூரத்தில இருந்து கமராக்காரனுக்குத் தெரியோணும்" என்றார். கமரா எங்கே நிற்கும், வெயில் எந்தப் பக்கம் அடித்தால் பிளாஸ்ரிக் பளபளத்து முகம் மறையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடியாகியிருந்தது. பிள்ளை பெற்று, தோட்டம் செய்து, அந்த வயதுக்குப் பிறகு ஒரு மனுசி அதைப் படிக்கவேண்டி வந்தது.

இதே கணக்கை 1978இல் ஆர்ஜென்டீனாவில் தாய்மார் போட்டார்கள். அங்கே இராணுவ ஆட்சி ஆயிரக்கணக்கானோரைப் பிடித்துக் காணாமல் ஆக்கியது. பிள்ளைகளைத் தேடிய தாய்மார் 1977 ஏப்ரல் 30இல் புவனஸ் அயர்ஸில் ஜனாதிபதி மாளிகைக்கு முன்னாலுள்ள மே சதுக்கத்தில் முதன்முதலாகக் கூடினார்கள். கூட்டமாக நிற்கக் கூடாது, நடங்கள் என்று பொலிஸார் விரட்ட, இருவர் இருவராகக் கைகோத்துச் சதுக்கத்தைச் சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். தலையில் கட்டிய வெள்ளைத் துணி முதலில் பிள்ளைகளுக்குக் கட்டும் அரைத் துணியாக இருந்தது. ஒருவரை ஒருவர் அடையாளம் காண அதைத் தெரிந்தெடுத்தார்கள். உள்நாட்டுப் பத்திரிகைகள் பெரும்பாலும் வாயைத் திறக்கவில்லை.

1978 ஜூன் 1. உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் தொடக்க விழா. அன்று வியாழக்கிழமை, தாய்மார் வழமையாக நடக்கும் நாள். நெதர்லாந்துத் தொலைக்காட்சிக் குழு ஒன்று விழாவை விட்டுவிட்டுச் சதுக்கத்துக்குப் போய்க் கமராவைத் திறந்தது. தாய்மார் ஒலிவாங்கியைச் சுற்றிக் கூடி, உங்களை விட்டால் எங்களுக்கு வேறு நம்பிக்கை இல்லை என்று கதறினார்கள். அந்தப் படம் ஐரோப்பாவின் வீடுகளுக்குள் போனது. இறுதி ஆட்டம் நடந்த மைதானத்துக்கு வெகு அண்மையில், கடற்படைப் பாடசாலை ஒன்றுக்குள், பிடிக்கப்பட்டவர்கள் சித்திரவதை செய்யப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கதையில் தாய்மார் உதைபந்தாட்டத்தைத் தொடவே இல்லை. ஒரு நிமிடமும் ஆட்டம் நிற்கவில்லை. ஆட்டம் கூட்டிவந்த கண்களைக் கொஞ்ச நேரம் கடன் வாங்கினார்கள். விளையாட்டுக்குள் அரசியலைக் கொண்டுவந்தது யார் என்ற கேள்விக்கும் பதில் இங்கே இருக்கிறது. அந்தக் கிண்ணத்தைத் தன் ஆட்சிக்கு வெள்ளை அடிக்கப் பயன்படுத்தியவர்கள் இராணுவத் தளபதிகள். இதற்கு இன்று ஸ்போர்ட்ஸ்வாஷிங் என்று பெயர்: கறை படிந்த பெயரை விளையாட்டால் கழுவிக்கொள்வது. 1936இல் பெர்லின் ஒலிம்பிக்குக்காக நாஜிகள் யூத எதிர்ப்புப் பலகைகளைத் தற்காலிகமாகக் கழற்றி வைத்ததும் அதுதான். எழுத்துப் பலகையைக் கழற்றுவது அரசியல் இல்லை, படத்தைத் தூக்கிக் காட்டுவது மட்டும் அரசியல் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை.

மூன்றாம் ஆள்

போராட்டம் யாரைப் பார்த்துப் பேசுகிறது? அரசாங்கத்தைப் பார்த்து என்று நினைக்கிறோம். அரசாங்கத்துக்கு விஷயம் ஏற்கெனவே தெரியும். பேச்சு போவது மூன்றாம் ஆளுக்கு: பார்வையாளர், அனுசரணை தரும் நிறுவனம், வந்திருக்கும் அணி, அந்த அணியின் நாட்டு வாக்காளர். மாமா படலையடியில் நிற்பது சம்பந்தி வீட்டாருக்காக. அவர்கள் முகம் மாறினால்தான் வீட்டுக்காரர் வெளியே வருவார்.

வீட்டுக்காரருக்கு அப்போது இரண்டே வழிதான். மாமாவைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளினால் கலியாண வீடியோவில் அது பதியும். நிற்கவிட்டால் எல்லாரும் ஏன் நிற்கிறார் என்று கேட்பார்கள். எந்தப் பக்கம் போனாலும் ஏதோ ஒன்று வெளியே தெரிந்துவிடும். அமைதிப் போராட்டம் வேலை செய்வதும் இந்த இக்கட்டில்தான். அதனாலேயே போராடுபவர்கள் கல் ஒன்றை எறிந்த கணத்தில் அந்த இக்கட்டு அவிழ்ந்துவிடுகிறது. தள்ளுவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது.

2018 ஏப்ரலில் சென்னையில் நடந்தது இதற்கு நல்ல உதாரணம். காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கக் கேட்டு, சேப்பாக்கத்தில் ஐபிஎல் ஆட்டத்தின்போது எதிர்ப்பு எழுந்தது. மைதானத்துக்குள் சப்பாத்து ஒன்று பறந்து வந்து விழுந்தது. அடுத்த நாள் எல்லாரும் கதைத்தது சப்பாத்தைப் பற்றி. தண்ணீர் கேட்ட விவசாயி எங்கோ பின்னால் போய்விட்டான். சென்னையில் மீதியிருந்த ஆட்டங்கள் புனேக்கு மாற்றப்பட்டன.

அமைதி என்றால் சத்தமில்லாமல் இருப்பதா?

இங்கேதான் குழப்பம் அதிகம். அமைதியானது, சட்டத்துக்கு உட்பட்டது, இடைஞ்சல் இல்லாதது என்ற மூன்றையும் ஒன்றாகவே நினைக்கிறோம்.

அமைதியானது என்றால் ஆட்களுக்கு எதிரான வன்முறையும் பெரிய சேதமும் இல்லாதது. கத்தலாம், பாடலாம், பறை அடிக்கலாம். வாகனம் கொஞ்ச நேரம் தாமதித்தால் அது வன்முறை ஆகிவிடாது. ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு 2020இல் வெளியிட்ட 37ஆவது பொதுக் கருத்துரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. அது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையின் 21ஆம் உறுப்புரைக்கு, அதாவது அமைதியாக ஒன்றுகூடும் உரிமைக்கு, எழுதப்பட்ட விளக்கம். இலங்கை அந்த உடன்படிக்கையை 1980இல் ஏற்றுக்கொண்டது. எங்கள் அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையிலும் அமைதியாக ஒன்றுகூடும் சுதந்திரம் இருக்கிறது.

சட்டத்துக்கு உட்பட்டதா என்பது வேறு கேள்வி. 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரி வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்கள் வழியை மறித்தார்கள். கை ஓங்கவில்லை. வன்முறை இல்லை, ஆனால் சட்டம் மீறப்பட்டது. இதைச் சட்டமறுப்பு என்கிறோம்: அநீதியைக் காட்டுவதற்காகச் சட்டத்தை வெளிப்படையாக மீறி, அதற்குரிய தண்டனையையும் ஏற்பது.

மைதானத்துக்குள் இறங்குவது இந்த வகையில்தான் வரும். 1975 ஜூன் 11, உலகக் கிண்ணத்தில் இலங்கையும் அவுஸ்திரேலியாவும் லண்டன் ஓவலில் ஆடியபோது தமிழர்கள் சிலர் ஆடுகளத்துக்குள் இறங்கினார்கள். அகற்றப்பட்டார்கள், ஆட்டம் தொடர்ந்தது. 2013 ஜூன் 20 கார்டிஃபில் சாம்பியன்ஸ் கிண்ண இந்தியா – இலங்கை அரையிறுதியிலும் அப்படியே. நியூசிலாந்தில் 1981 ஜூலை 25இல் நடந்தது இவற்றைவிடப் பெரிது. ஹமில்டனில் தென்னாபிரிக்க றக்பி அணியின் ஆட்டம் தொடங்குமுன் நூற்றுக்கணக்கானோர் வேலியைச் சாய்த்துக்கொண்டு உள்ளே போய், நடு மைதானத்தில் கைகோத்து நின்றார்கள். பார்வையாளர் போத்தல்களை எறிந்தபோதும் அசையவில்லை. சிறிய விமானம் ஒன்று மைதானத்தை நோக்கி வருகிறது என்ற தகவலும் சேர, பொலிஸார் ஆட்டத்தை இரத்துச் செய்தார்கள். நேரலையில் பார்ப்பதற்காகத் தென்னாபிரிக்காவில் விடியப்புறம் எழும்பியிருந்தவர்கள் ஆட்டத்துக்குப் பதிலாக அந்த மனிதச் சங்கிலியைப் பார்த்தார்கள்.

இரண்டு மாதம் போகுமுன் அதே சுற்றுப்பயணத்தின் கடைசி ஆட்டத்தில், ஒக்லாந்தில், ஒருவர் சிறு விமானத்தில் தாழப் பறந்து மாவுப் பொதிகளைப் போட்டார். அதில் ஒன்று நியூசிலாந்து வீரர் ஒருவரை விழுத்தியது. மாவுதானே என்று சிலர் இன்றும் சிரிக்கிறார்கள். என்னால் அதை அமைதிப் போராட்டத்தில் சேர்க்க முடியவில்லை. மேலே இருந்து விழும் எதுவும் கீழே நிற்பவனுடைய கழுத்துக்கு ஆபத்து. 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கை அணியின் பஸ்ஸைத் தாக்கியதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. அது போராட்டம் அல்ல, கொலை.

இந்தப் பகுதியை நினைவில் வைக்க ஒரு வழி: ஆளுக்கு அடி விழுகிறதா என்று பாருங்கள், அது அமைதியின் கேள்வி. அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள், அது சட்டத்தின் கேள்வி. எனக்குத் தாமதமாகிறதே என்பது மூன்றாவது, அது என் சௌகரியத்தின் கேள்வி.

வீரரே வாய் திறந்தால்

வெளியே நிற்பவர்களுக்கு உள்ள சுதந்திரம் உள்ளே ஆடுபவருக்கு இல்லை. ஒலிம்பிக் சாசனத்தின் 50ஆவது விதி, போட்டி இடங்களில் அரசியல், மத, இனப் பிரசாரத்தைத் தடுக்கிறது. 2021இல் அதைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். ஆட்டம் தொடங்குமுன் முழந்தாளிடலாம், பதக்க மேடையில் மட்டும் கூடாது.

மேடை ஏன் அவ்வளவு பயம் தருகிறது என்பதற்கு 1968 ஒக்டோபர் 16 மெக்சிகோவே காரணம். 200 மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்த டொமி ஸ்மித்தும் மூன்றாவதாக வந்த ஜோன் கார்லோஸும் கறுப்புக் கையுறை போட்ட முட்டியை உயர்த்தினார்கள். இருவரும் ஒரு சோடிக் கையுறையைப் பங்கிட்டுக்கொண்டதால் ஒருவருக்கு வலக்கை, மற்றவருக்கு இடக்கை. வறுமையைக் காட்டச் சப்பாத்தைக் கழற்றிக் கறுப்புக் காலுறையோடு நின்றார்கள். இரண்டாவதாக வந்த அவுஸ்திரேலிய வெள்ளையர் பீற்றர் நோர்மன் கையை உயர்த்தவில்லை. ஆனால் அவர்கள் குத்தியிருந்த மனித உரிமைச் சின்னத்தைத் தானும் கேட்டு வாங்கி நெஞ்சில் குத்திக்கொண்டார். ஸ்மித்தும் கார்லோஸும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். 2006இல் நோர்மன் இறந்தபோது அந்த இருவரும் வந்து அவருடைய பெட்டியைத் தோளில் சுமந்தார்கள்.

கிரிக்கெட்டில் 2003 பெப்ரவரி 10ஐச் சொல்லாமல் விட முடியாது. உலகக் கிண்ணத்தில் ஹராரேயில் சிம்பாப்வேயின் அன்டி ஃபிளவரும் ஹென்றி ஒலோங்காவும் தங்கள் நாட்டில் ஜனநாயகம் செத்துப்போனதற்குத் துக்கமாகக் கையில் கறுப்புப் பட்டி கட்டினார்கள். ஒலோங்கா நாட்டை விட்டே போகவேண்டி வந்தது. 2023 டிசம்பரில் உஸ்மான் கவாஜா 'எல்லா உயிரும் சமம்' என்று சப்பாத்தில் எழுதிக்கொண்டு ஆட, சர்வதேச கிரிக்கெட் சபையான ஐசிசி விடவில்லை. அதன்பின் கறுப்புப் பட்டி கட்டியதற்கும் கண்டித்தது. இந்த விதிகள் எங்கே கோடு போடுகின்றன என்பது அவற்றை எழுதியவர்களுக்கே தெளிவில்லை என்று நினைக்கிறேன்.

கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரம்

ஒன்றுகூடும் உரிமைக்கு எல்லையே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. எப்போது, எங்கே, எந்த விதமாக என்பதை அரசு ஓரளவு கட்டுப்படுத்தலாம். இதை நேரம், இடம், விதம் என்ற கட்டுப்பாடு என்பார்கள். ஆனால் நேரம், இடம், விதம் என்ற பெயரில் என்ன சொல்கிறார்கள் என்பதை அடக்கக் கூடாது. போராட்டம் யாரை நோக்கி நடக்கிறதோ அவர்களுடைய கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் நடக்க இடம் வேண்டும் என்றும் அந்த 37ஆவது கருத்துரை சொல்கிறது.

2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு மூன்று பூங்காக்களைப் போராட்ட இடங்களாக ஒதுக்கினார்கள். 77 விண்ணப்பங்கள் வந்தன. ஒன்றுக்கும் அனுமதி இல்லை. வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்டதற்கு நியாயம் கேட்டு விண்ணப்பித்த முதிய பெண்கள் இருவருக்கு உழைப்பு முகாம் என்று தீர்ப்பு வந்தது. பிறகு அது நீக்கப்பட்டது. இடம் இருந்தது, போராட்டம் இல்லை.

அதற்கு நேர் எதிர் காலி. 2022 ஜூலை 9, அவுஸ்திரேலியாவுடனான இரண்டாவது டெஸ்டின் இரண்டாம் நாள். காலி மைதானத்தைப் பார்த்தபடி நிற்கும் கோட்டை மதிலில் சனம் ஏறியது. ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷவைப் போகச் சொல்லி எழுந்த கோஷம் ஆடுகளம் வரை கேட்டது. ஆட்டம் நிற்கவில்லை, பந்துவீச்சாளர் ஓடிவந்துகொண்டிருந்தார். அன்றுதான் கொழும்பில் ஜனாதிபதி மாளிகைக்குள் மக்கள் புகுந்தார்கள். இரண்டு கிழமைக்கு முன் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் அதே சனம்தான் மஞ்சள் சட்டை போட்டு, கஷ்ட காலத்தில் விளையாட வந்த அவுஸ்திரேலிய அணிக்கு நன்றி சொன்னது. விருந்தாளியை வரவேற்பதும் வீட்டுக்காரரைக் கேள்வி கேட்பதும் ஒரே சனத்தால் முடியும் என்பதை நான் அந்த நாட்களில்தான் கண்டேன்.

வலி யாருக்கு?

எல்லாப் போராட்டமும் சரியான ஆளில் போய்ப் படுவதில்லை. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்ததை எதிர்த்து 1980இல் 60க்கு மேற்பட்ட நாடுகள் மொஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்தன. அந்தப் படை ஆப்கானிஸ்தானை விட்டுப் போனது 1989இல். வாழ்நாள் முழுக்கப் பயிற்சி எடுத்த ஓட்டக்காரர்களுக்குத்தான் அந்த வருடம் இல்லாமல் போனது. அது அரசுகள் மேலிருந்து எடுத்த முடிவு, படலையடியில் நின்ற மாமாவின் முடிவல்ல.

எங்கள் பக்கத்திலும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இருக்கிறது. 2012இல் தமிழகத்துக்கு விளையாடப் போன இலங்கைப் பாடசாலைப் பிள்ளைகளின் உதைபந்தாட்ட அணிகளைத் திருப்பி அனுப்பினார்கள். 2013இல் இலங்கை வீரர்கள் எவரும் சென்னையில் ஐபிஎல் ஆடக்கூடாது என்றானபோது அதற்குள் முத்தையா முரளிதரனும் அடங்கினார். எங்களுக்காகச் செய்தவர்களின் மனத்தாங்கல் எனக்கு விளங்கும். ஆனாலும் பந்து உதைக்க வந்த பிள்ளையிடம் 2009 யுத்தத்துக்குப் பதில் கேட்டது பிழை என்றே நான் சொல்வேன். அந்தப் பிள்ளையிடம் பதில் இல்லை, கொடுக்கவும் முடியாது.

மண்டைதீவுப் பாதை

அன்று தேத்தண்ணிக் கடையில் கதை கடைசியாகப் பாதைக்கு வந்தது. "சரி மாஸ்டர், நிக்கிறது எண்டால் எங்க நிக்கிறது?" என்று அந்தப் பெடியனே கேட்டான்.

மாஸ்டர் கிளாஸுக்கு அடியில் சிந்தியிருந்த தேத்தண்ணியில் விரலைத் தோய்த்து மேசையில் கோடு இழுத்தார். பண்ணையிலிருந்து கடலுக்கு நடுவால் ஒரு நீட்டுக் கோடு. அதில் மண்டைதீவுக்கு ஒரு கிளை. மேலே போக வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு.

"இந்த றோட்டை மறிச்சால் தீவுப் பக்கத்தில இருந்து வருத்தக்காரரைக் கொண்டு வாற அம்புலன்ஸ் நிக்கும். அதால றோட்டில இல்லை," என்றார். கிளை பிரியும் இடத்துக்கு ஓரமாக விரலை வைத்தார். "அணியின்ர பஸ் திரும்பேக்க வேகம் குறைக்கோணும். கமரா வானும் அப்பிடித்தான். சந்தியின்ர இந்த ஓரத்தில, வரிசையா, படங்களோட."

பெடியன் குனிந்து அந்த ஈரப் புள்ளியைப் பார்த்தான். "வெயில் எந்தப் பக்கத்தால அடிக்கும் மாஸ்டர்?" என்று கேட்டான்.